கழிமுகத்தில் ஒரு கைவிளக்கு

இரவில் கடற்கரைக்குப் போகிறவர்கள் முதலில் தொலைப்பது செருப்பைத்தான். மணலைப் பார்த்ததும் ஆளுக்கொரு பக்கம் உதறிவிட்டு ஓடுவார்கள். திரும்பும்போது செல்போன் வெளிச்சத்தில் அரை மணி நேரம் தேடுவார்கள். நான் கூட்டிப்போன பன்னிரண்டு கூட்டங்களில் ஒரு ஜோடிகூடத் தொலைந்ததில்லை. சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் எல்லோரும் செருப்பை ஒரே வரிசையில் விட்டுவிட்டுத்தான் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். திரும்பி வந்தவர் முதல் வேலையாகத் தன் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். வரிசையில் எத்தனை ஜோடி இருக்கிறதோ அத்தனை பேர் இன்னும் அக்கரையில் இருக்கிறார்கள். இருட்டில் தலைகளை எண்ணினால் தப்பும். செருப்பை எண்ணினால் தப்பாது.

பாலச்சந்திரன் சார், நீங்கள் வாதாடுகிற வேன் டிரைவர் யூசுப் பாயின் வழக்கில் நான்தான் முக்கியமான சாட்சி என்றும், நடந்ததை எனக்குப் பழகிய மொழியில் எழுதித் தந்தால் நீங்களே ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொள்வதாகவும் சொன்னீர்கள். தெலுங்கு நன்றாகப் பேசுவேன், எழுத வராது. ஆகையால் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் எதிர்பார்த்ததைவிட நீளமாக இருக்கும். ஆனால் படித்து முடித்தபின் யூசுப் பாயை வெளியே கொண்டுவருவது உங்களுக்குச் சுலபமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

என் பெயர் டேனியல். வயது அறுபத்து மூன்று. செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவன். ரயில்வேயில் முப்பத்து நான்கு வருடம் சரக்கு வண்டி கார்டாக இருந்தேன். சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து வருகிற ஆள் நான். எனக்கும் எஞ்சின் டிரைவருக்கும் நடுவில் நாற்பது வேகன் இருக்கும். அவர் முகம்கூடச் சில நாள் தெரியாது. நான் பச்சை காட்டினால் அவர் வண்டியை எடுப்பார், சிவப்பு காட்டினால் நிறுத்துவார். ஏன் என்று கேட்க மாட்டார். பச்சை, சிவப்பு, வெள்ளை என மூன்று நிறமும் எரிகிற அந்தக் கைவிளக்குகள் ஓய்வுபெற்ற பிறகும் என்னிடம் இரண்டு இருந்தன.

மாரெட்பள்ளியில் வீடு. மனைவி ஸ்டெல்லா பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். ஒரே மகன் ரஞ்சன். இரண்டு வருடம் முன்பு, ஜனவரியில், பாபட்லாவைத் தாண்டி ஒரு கடற்கரையில் அவன் இறந்தான். அப்போது அவனுக்கு இருபத்து நான்கு வயது.

ஹைதராபாத்தில் கடல் கிடையாது என்பதால்தான் இங்குள்ள பிள்ளைகளுக்குக் கடல் பைத்தியம் அதிகம். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் வேன் பிடித்து ஆறேழு மணி நேரம் போய், நடு இரவில் மணலில் இறங்கி, விடிந்ததும் திரும்பிவிடுவார்கள். கூட்டம் இருக்கிற கடற்கரையில் போலீஸ் விரட்டுவார்கள் என்று ஆளில்லாத இடமாகப் பார்ப்பார்கள். ரஞ்சன் போன இடமும் அப்படித்தான். சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் உப்புநீர்க் கழி ஓடும். அதைத் தாண்டினால் நீளமான மணல் திட்டு, அதற்கு அப்பால் கடல். நீர் இறங்கியிருக்கும்போது கழியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். சிரித்துக்கொண்டே நடந்து போகலாம். இரண்டு மணி நேரம் கழித்து அதே இடத்தில் ஆள் மூழ்கும்.

அவர்கள் ஏழு பேர். கூட்டிப்போனவன் தமிழ்ச்செல்வன். பண்ருட்டிப் பக்கத்துப் பையன், ரஞ்சனுடைய ஆபீஸில் அவனுக்கு மேலே இருந்தவன், ஏ.எஸ்.ராவ் நகரில் தனியாகத் தங்கியிருந்தான். நீர் ஏறுகிற நேரம், இறங்குகிற நேரம் எதையும் அவன் பார்க்கவில்லை. ரஞ்சன் என் கைவிளக்கில் ஒன்றை எடுத்துப் போயிருந்தான். திட்டின் முனையில் வெள்ளை விளக்கைக் காட்டிக்கொண்டு அவன் நிற்க, மற்றவர்கள் அலையில் விளையாடியிருக்கிறார்கள். தண்ணீர் ஏறுவதைப் பார்த்து எல்லோரும் கழியைக் கடந்து ஓடி வந்துவிட்டார்கள். ரஞ்சன் வரவில்லை. அவன் எண்ணிக்கையில் ஓர் ஆள் குறைந்தது. குறைந்த ஆள் அஸ்வினி. பயணத்தில் வாந்தி எடுத்துவிட்டு அவள் வேனிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். அது ரஞ்சனுக்குத் தெரியாது. இக்கரையிலிருந்து தமிழ்ச்செல்வன் கத்திக் கத்திக் கூப்பிட்டான், காற்றில் கேட்கவில்லை. அன்று என்னிடம் சொல்லப்பட்டது இதுதான். மூன்றாம் நாள் கரை ஒதுங்கினான். விளக்கு கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஸ்டெல்லா என்னோடு பேசுவது குறைந்துபோனது. சண்டை இல்லை. சோறு போடுவாள், மாத்திரையை எடுத்து வைப்பாள், டிவியை அணைக்கச் சொல்வாள். அவ்வளவுதான். எட்டு மாதம் அப்படி இருந்தோம். ஒரு நாள் நான் பஸ் ஏறி ஏ.எஸ்.ராவ் நகருக்குப் போய்த் தமிழ்ச்செல்வன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவன் என் காலில் விழுந்தான்.

"எந்திரிப்பா," என்றேன். "நீ போகாம இருந்தாலும் வேற யாராவது போவாங்க. தடுக்க முடியாது. ஒழுங்காப் போறது எப்படின்னு நான் சொல்லித் தர்றேன். என்னையும் கூட்டிட்டுப் போ."

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்தவர்கள் பிள்ளைக்கு இப்படி ஆகக் கூடாது என்று நான் நினைத்ததாக எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை மறுக்கவில்லை. நீர் ஏறி இறங்கும் அட்டவணையைப் படித்தேன். அந்தக் கழியில் கடக்க ஏற்ற இடம் ஒன்றே ஒன்றுதான், எட்டடி அகலம், கெட்டியான மணல். இரண்டு பக்கமும் சேறு. முகத்துவாரப் பக்கம் போகப் போகப் பள்ளம். பகலில் மூங்கிலை ஊன்றி அளந்து வைத்தேன். குடித்தவர் யாரும் இறங்கக் கூடாது. தண்ணீர் ஏறத் தொடங்குவதற்கு முக்கால் மணி முன்பே எல்லோரும் இக்கரையில் இருக்க வேண்டும். கடக்கும் இடத்துக்கு நேரே இக்கரையில் நான் விளக்கோடு நிற்பேன். பச்சை எரிந்தால் அதை நோக்கி நேராக நடக்க வேண்டும். சிவப்பு என்றால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். வேன் வெளிச்சம், போன் வெளிச்சம், படகு வெளிச்சம், வேறு எதையும் பார்க்கக் கூடாது. இதை வேனிலேயே எல்லோரையும் மூன்று முறை சொல்ல வைப்பேன்.

பிள்ளைகள் கேலி செய்வார்கள். "அங்கிள், பாத்ரூம் போகணும், லைன் கிளியரா?" என்பான் ஒருவன். "என் ஸ்லிப்பர் பிராண்டட் அங்கிள், அத மட்டும் தனியா எண்ணுங்க," என்பாள் அஸ்வினி. அவள் லோத்குண்டாவில் வளர்ந்த தமிழ்ப் பெண். பாதி தமிழ், பாதி தெலுங்கு. ஒரு பயணத்தையும் தவறவிட மாட்டாள், ஒருமுறைகூட வேனில் கண்ணை மூட மாட்டாள். "நித்ர ராது அங்கிள்," என்பாள். தூக்கம் வராதாம். எப்போதும் யூசுப் பாயின் வேன்தான். கடலைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிற ஒரே ஆள் அவர். "கைக்கு சாப், எதுக்கு? இவ்ளோ தூரம் வந்து எதுக்கு தண்ணியில எறங்கணும்? நம்ம ஊர்ல டேங்க் பண்ட் ஏரி இருக்கே," என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். வேனை விட்டு இறங்கவே மாட்டார்.

இரண்டாவது பயணத்தில் நான் அந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். எல்லோரும் திரும்பியாகிவிட்டது. வரிசையில் ஒரு செருப்பும் இல்லை. திட்டின் முனையில் இடுப்பளவு உயரத்தில் வெள்ளையாக ஒரு விளக்கு. ஆடவில்லை. கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் களைத்துப்போனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தாழுமே, அப்படித் தாழ்ந்து, பிறகு மேலே எழுந்தது. மீன்பிடிக்கிறவர்களாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள்.

"என்ன கலருங்க?"

"வெள்ளை."

"எவ்ளோ நேரம்?"

அன்று நாங்கள் பொழுது சாயும் வரை பேசினோம். அவன் சின்ன வயதில் பேட்டரியை வாயில் வைத்த கதையெல்லாம் அவளே சொன்னாள். சிரித்தாள்கூட. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை நான் திரும்பும்போதும் கதவைத் திறந்ததும் முதல் கேள்வி அதுதான். "இன்னிக்குத் தெரிஞ்சுதா?" தெரிந்தது என்பேன். அவள் எதிரில் உட்காருவாள். உண்மையில் அந்த வெளிச்சத்தை நான் மொத்தம் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். மற்ற ஒன்பது முறையும் தெரிந்தது என்று சொன்னேன். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

இனி போன பிப்ரவரி மாதப் பயணம். பன்னிரண்டாவது. பொதுவாக அமாவாசையை ஒட்டிய நாளில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், தண்ணீர் மற்ற நாளைவிட அதிகமாகவும் வேகமாகவும் ஏறும். தமிழ்ச்செல்வன் அந்த வாரம்தான் லீவு கிடைத்தது என்றான். சரி என்றேன். அப்போதே மனதில் ஏதாவது இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. என்னோடு சேர்த்து ஒன்பது பேர், யூசுப் பாய் தனி.

வழியில் அத்தங்கிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். இரவு ஒன்பதரை இருக்கும். மற்றவர்கள் மிளகாய் பஜ்ஜிக்கு நின்றார்கள். தமிழ்ச்செல்வன் என்னைக் கொஞ்சம் தள்ளி, லாரிகள் நின்ற பக்கம் கூட்டிப் போனான்.

"அங்கிள், ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருஷமா தொண்டையிலயே நிக்குது."

"சொல்லுப்பா."

"நான் கூப்பிட்டது ரஞ்சனுக்குக் கேக்கலன்னு சொன்னேன் இல்ல. கேட்டுச்சு அங்கிள். பதிலும் சொன்னான்."

நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"'ஒரு ஆள் கொறையுதுடா. விட்டுட்டு வந்தா அப்பா மறுபடியும் எங்கிட்ட பேச மாட்டாரு'ன்னான். அதான் அங்கிள் கடைசி. அஸ்வினி வண்டியிலதான் இருப்பான்னு எனக்கு அப்பறந்தான் தோணுச்சு. அதக் கத்தும்போது அவன் இடுப்புக்கு மேல தண்ணி. அது கேட்டுச்சா இல்லையான்னுதான் தெரியல."

"இதை வேற யார்கிட்டயாவது சொல்லிருக்கியா?"

"இல்ல. மத்தவங்கல்லாம் தோப்புக்குள்ள ஓடிட்டாங்க. நான் மட்டுந்தான் கேட்டேன். மே மாசம் எனக்குக் கல்யாணம் அங்கிள். இத உள்ள வச்சுகிட்டு என்னால மேடையில நிக்க முடியாது. ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வர்றேன். ஆன்ட்டிகிட்ட சொல்லிடறேன்."

"அவளுக்கு நக்கோப்பா, சொல்ல வேண்டாம். ரத்தக் கொதிப்பு இருக்கு."

"அவங்க அவனோட அம்மா அங்கிள். ஒரு ஆளுக்காக நின்னான்னு தெரிஞ்சா பெருமைதான் படுவாங்க. அவன் பயந்து நிக்கல, வழி தெரியாம நிக்கல. அவங்க தெரிஞ்சுக்கணும்."

"எனக்காக விட்டுடு."

"கோச்சுக்காதீங்க அங்கிள். இந்த ஒரு விஷயத்துல உங்க பேச்சக் கேக்க மாட்டேன்."

நல்ல பையன்தான். ஆறுதல் சொல்வதாகவே நினைத்தான். அவனுக்கு இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

'மறுபடியும்' என்ற சொல் உங்களுக்குப் புரியாமல் போகலாம் என்பதால் இதையும் எழுதுகிறேன். வழக்கோடு இதற்குச் சம்பந்தமில்லை. ரஞ்சனுக்குப் பதினான்கு வயதில், மல்காஜ்கிரி ஸ்டேஷனில், என் தங்கையின் மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் டிக்கெட் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது குழந்தை பிளாட்பார விளிம்பில் தனியாக நின்றது. இவன் சமோசா வாங்கப் போயிருந்தான். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பொறுப்பை விட்டுவிட்டுப் போகிறவனோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை என்று ஒருமுறை சொன்னேன். பிறகு ஐந்து மாதம் அவனோடு பேசவில்லை. பிறந்தநாள் அன்றும் பேசவில்லை. "ரெண்டு அடி வேணா அடிச்சிடுங்க," என்பாள் ஸ்டெல்லா. "பேசாம இருந்து கொல்லாதீங்க. அவன் ராத்திரில எந்திரிச்சு உக்காந்துக்கறான்." அவளுக்கு எதையும் பெரிதுபடுத்திப் பேசும் பழக்கம் உண்டு. அந்தக் கண்டிப்பினால்தான் ரஞ்சன் பொறுப்பான பையனாக வளர்ந்தான் என்று ஆபீஸில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்.

வேனில் மீண்டும் ஏறியபின் நான் அமைதியாக யோசித்தேன். ரயில்வேயில் விபத்து நடந்தால் அறிக்கை எழுத வேண்டும். அறிக்கையில் ஒரு விவரத்தை மறைத்தவன் தெரிந்துபோனால் அவனை அன்றே பணியிலிருந்து விலக்கி வைப்பார்கள். விசாரணை எல்லாம் பிறகுதான். ஏனென்றால் ஒன்றை மறைத்தவன் இன்னொன்றையும் மறைப்பான், அடுத்த வண்டியை அவன் கையில் கொடுக்க முடியாது. தமிழ்ச்செல்வன் ஏழு பேரைக் கூட்டிப்போய் எண்ணிப் பார்க்காதவன். தண்ணீர் ஏறும் நேரம் பார்க்காதவன். இரண்டு வருடம் பொய் சொன்னவன். நாளைக்கு நான் இல்லாமல் போனால் இந்தக் கூட்டங்களை அவன்தான் நடத்துவான். இன்னும் எத்தனை பெற்றோர் பிள்ளையைப் பறிகொடுப்பார்கள். இப்படித்தான் என் யோசனை போனது. இதில் தவறான வாதம் எது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் கழியைக் கடந்தார்கள். முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். வரிசையில் எட்டு ஜோடி. நான் இக்கரையில். நிலா இல்லை, நட்சத்திரம்தான். ஒன்றேகாலுக்குப் பச்சை காட்டினேன். ஒவ்வொருவராக வந்தார்கள், செருப்பைப் போட்டுக்கொண்டு தோப்புக்குள் வேன் பக்கம் போனார்கள். அங்கே ஃபிளாஸ்க்கில் டீ இருந்தது. அஸ்வினி ஏழாவதாக வந்தாள்.

"செல்வன் லாஸ்ட்டா வரேன்னான் அங்கிள். ரஞ்சன் நின்ன எடத்துல கொஞ்ச நேரம் நிக்கணுமாம். ஒக பதி நிமிஷாலு, பத்து நிமிஷந்தான்."

"சரிம்மா. நீ போய் டீ குடி. நான் பாத்துக்கறேன்."

அவள் போகிறபோது திரும்பிப் பார்த்தாள். "தண்ணி ஏறுதா அங்கிள்?"

"நேரம் இருக்கு."

நேரம் இருந்தது. அவன் திரும்பிய உடனே பச்சை காட்டியிருந்தால் தொடை அளவுத் தண்ணீரில் வந்திருப்பான். நான் சிவப்பைக் காட்டினேன். திட்டிலிருந்து அவன் ஒருமுறை கையிலிருந்த போனை ஆட்டினான், நின்ற இடத்திலேயே நின்றான். இருபத்தைந்து நிமிடம் சிவப்பைக் காட்டினேன். அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு விளக்கை அணைத்தேன். கரையோரமாக முகத்துவாரம் பக்கம் அறுபது தப்படி நடந்தேன். பழகிய கரை, வெளிச்சம் தேவைப்படவில்லை. அங்கே நின்று பச்சையைப் போட்டேன்.

அவன் பச்சையை நோக்கி நேராக வந்தான். நான் சொல்லிக் கொடுத்தபடியே வந்தான், அக்கம்பக்கம் பார்க்காமல். தண்ணீர் மார்பளவு வந்தபோது, "அங்கிள், ஆழமா இருக்கு," என்றான். சத்தம் தெளிவாகக் கேட்டது. "பச்சையத்தாம்ப்பா பாக்கணும்," என்றேன். அவன் இன்னும் இரண்டு எட்டு வைத்தான். அதற்குப் பிறகு கைதான் தெரிந்தது. நான் பச்சையை ஆட்டாமல் பிடித்திருந்தேன். கை வலித்தது. வலிக்கிறபோது விளக்கு தானாகத் தாழ்வதையும், மறுபடி உயர்த்துவதையும் கவனித்தேன். மொத்தம் நான்கு நிமிடம் இருக்கும்.

பிறகு பழைய இடத்துக்குத் திரும்பி, சிவப்பைப் போட்டு, அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். யூசுப் பாய் அந்தச் சத்தம் கேட்டுத்தான் வேனைத் தோப்பின் ஓரம் கொண்டுவந்து, தேடுவதற்காக ஹெட்லைட் போட்டார். வேன் நின்ற இடம் முகத்துவாரம் பக்கமாக இருந்தது, அது தற்செயல். கடலைக் கண்டாலே ஒதுங்குகிற மனிதர் செருப்போடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, "பேட்டா, ஓ பேட்டா," என்று சொந்த மகனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். விடிந்தபின் கழியின் உள்பக்கம், வலைக்காரர்கள் தமிழ்ச்செல்வனைக் கண்டுபிடித்தார்கள்.

மறுநாள் போலீஸார் என்னிடம், வேன் விளக்கு எரிந்ததா என்று கேட்டார்கள். எரிந்தது என்றேன். அது பள்ளமான பக்கமா என்றார்கள். ஆமாம் என்றேன். எப்போது எரிந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. வேன் வெளிச்சத்தைப் பார்த்துப் பையன் வழி மாறி இறங்கிவிட்டான் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். டிரைவர் குடித்திருந்தார் என்று எப்படி அதில் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. யூசுப் பாய் வாழ்நாளில் குடித்ததில்லை. ஐந்து வாரமாக உள்ளே இருக்கிறார். போன வாரம் பார்க்கப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஹவ் சாப், ஆமா, நான்தான் லைட் போட்டேன். என்னாலதான் போயிட்டானா அந்தப் பையன்? நீங்க சொல்லுங்க," என்று அழுதார். இந்தக் கடிதத்துக்கு அதுவே காரணம். அஸ்வினி உங்களிடம் வந்து, செல்வன் செத்தாலும் பச்சையைத் தவிர வேறு வெளிச்சத்தைப் பார்க்க மாட்டான் என்று சொன்னதாகச் சொன்னீர்கள். அவள் சொன்னது சரி.

ஆகவே தமிழ்ச்செல்வனைக் கொன்றது நான். தெரிந்தே, நிதானமாகச் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

எல்லாம் முடிந்து அங்கிருந்து வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா வழக்கம்போல அதே கேள்வியைக் கேட்டாள். அதற்குள் அவளுக்குச் செய்தி தெரிந்திருந்தது, ஆனாலும் கேட்டாள். தெரிந்தது என்றேன். தனியாகவா என்று கேட்டாள். இல்லை, இப்போது இரண்டு என்றேன். அது பொய்யில்லை. அந்த இரவு விடிவதற்கு முன் திட்டின் முனையில் வெள்ளையாக ஒன்றும், கழியின் நடுவில் பச்சையாக ஒன்றும் பார்த்தேன். பச்சை கொஞ்சம் கொஞ்சமாக இக்கரைப் பக்கம் வந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் எங்கள் தெருவில் மின்சாரம் போகிற இரவுகளில் பால்கனிக்கு நேரே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அது நிற்கிறது. ஸ்டெல்லாவுக்குத் தெரிவதில்லை. நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிடுவேன். அவள் தூக்கத்தில் கை நீட்டி நான் இருக்கிறேனா என்று பார்க்கிறாள். இரண்டு வருடம் கழித்து என் பக்கமாகத் திரும்பிப் படுக்கத் தொடங்கியிருக்கிறாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது, டீக்கடையில் தமிழ்ச்செல்வன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை, ரஞ்சன் கடைசியாகச் சொன்னதாக அவன் சொன்னதை, விட்டுவிடுங்கள். முழுமையான அறிக்கை எழுதிப் பழகியவன் என்பதால் நான் எழுதினேன். வழக்குக்கு அது தேவையில்லை. அது இல்லாமலே என்மேல் குற்றம் நிற்கும். இந்தத் தமிழ்ப் பிரதியையும் படித்து முடித்ததும் கிழித்துவிடுங்கள். கோர்ட்டில் வாசிக்கும் நாளில் ஸ்டெல்லா வருவாள், முதல் வரிசையில் உட்காருவாள். நான் ஒரு பையனைத் தண்ணீரில் நடத்திக் கொன்றேன் என்பதை அவள் கேட்கட்டும். அதை அவள் தாங்கிக்கொள்வாள், ஜெயிலுக்கு என்னைப் பார்க்கவும் வருவாள், என்னோடு பேசவும் செய்வாள்.

அந்த வாக்கியம் தெரிந்தவர்கள் இப்போது நீங்களும் நானும் மட்டும்தான், சார்.